பட்டம் கொடுத்தார்கள், வேலை?

எட்டு வருஷத்துக்கு முன்னால், கொல்கத்தாவுக்கு வந்த புதிதில், சால்ட் லேக்கில் ஒரு கம்பெனிக்கு இண்டர்வியூ போயிருந்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹெச்.ஆர். பெண்மணி என் பயோடேட்டாவில் இருந்த இடைவெளிகளை (நாக்பூரில் இரண்டு வருஷம், போபாலில் மூன்று வருஷம்) பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, ரொம்ப அன்பாகக் கேட்டார்: "உங்க ஹஸ்பெண்டுக்கு அடுத்த டிரான்ஸ்ஃபர் எப்ப வரும்?"

"அவரையே கூப்பிட்டுக் கேட்டுக்கோங்களேன்" என்று சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி பதிலெல்லாம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். அங்கே, "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு வராது" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ரங்கமணியிடம் புலம்பினால், "அவங்க யதார்த்தமாத்தானே கேட்டிருக்காங்க" என்றார். அதுதான் எனக்கு உறுத்தியது. உண்மையிலேயே யதார்த்தமான கேள்விதான். முந்தைய இரண்டு வேலைகளையும் நான் டிரான்ஸ்ஃபருக்காகத்தானே விட்டேன்?

அதற்கப்புறம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்கவில்லை என்று தெரிந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக, படித்த பெண்களிடம் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். அரசாங்கமே நியமன உத்தரவில் எழுத்தில் போட்டும் கேட்டிருக்கிறது! நம் நாட்டில் பெண்களுக்குப் பட்டம் கிடைத்த கதையைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருப்பார்கள். பட்டம் கிடைத்த பிறகு என்ன ஆயிற்று என்ற பாதிக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. அதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதி வைக்கிறேன்.

ஒரே ஒரு மாணவிக்கு ஒரு கல்லூரி வகுப்பு

காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகம் வாங்கிக்கொண்டு அப்படியே வடக்கே நடந்தால் பிதான் சரணியில் ஹெதுவா குளம் வரும். அதற்கு எதிரே பெத்தூன் கல்லூரி. வருஷக்கணக்கில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், அது என்ன இடம் என்று தெரியாமலே.

1849ல் ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெத்தூன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்துப் பெண்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். சேர்ந்தது 21 பெண்கள். ஈஸ்வர் சந்திர வித்யாசாகர் அதன் செயலாளராக இருந்தார். பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்துவரும் வண்டியின் பக்கவாட்டில், மகளையும் அக்கறையோடு வளர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று பொருள்படும் சமஸ்கிருத வரியை எழுதி வைத்திருந்தார்களாம். அந்த வண்டிதான் அன்றைக்கு ஊர் வாயை அடைக்கும் விளம்பரம்.

கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களும் 1857ல் தொடங்கியவை. பெண்களைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவே இல்லை. 1876ல் டேராடூனில் படித்துக்கொண்டிருந்த சந்திரமுகி பாசு என்ற வங்காளிப் பெண் நுழைவுத் தேர்வு எழுதக் கேட்டார். எழுதிக்கொள்ளலாம், ஆனால் தேறினாலும் பட்டியலில் பெயர் வராது என்று அனுமதித்தார்கள். எழுதினார், தேறினார், பெயர் வரவில்லை!

இரண்டே வருஷத்தில் நிலைமை மாறியது. 1878ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பெண்களுக்குத் தேர்வுகளைத் திறந்துவிட்டது. காதம்பினி பாசு (கல்யாணத்துக்குப் பிறகு கங்குலி) அந்த வருஷம் நுழைவுத் தேர்வில் தேறினார். முதல் வகுப்பு ஒரே ஒரு மார்க்கில் தவறிப்போனதாம். அவருக்காகவே 1879ல் பெத்தூனில் கல்லூரி வகுப்பு ஆரம்பமானது. மொத்த மாணவி: ஒருவர். 1883ல் சந்திரமுகியும் காதம்பினியும் பி.ஏ. பட்டம் பெற்றார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் தேதிகள்தான். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முடிவு செய்ததும் அதே 1878ல்தான். ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரை தரவில்லை. கேம்பிரிட்ஜில் முழுப்பட்டம் கிடைத்தது 1948ல். ஆக, பட்டம் கொடுக்கும் விஷயத்தில் நாம் ஒன்றும் பின்தங்கவில்லை. சிக்கல் எல்லாம் பட்டமளிப்பு விழா முடிந்து மறுநாள் காலையில்தான்.

பெண்களுக்குப் பெண்கள்

மறுநாள் காலையில் என்ன வேலை கிடைக்கும்? சந்திரமுகி 1884ல் எம்.ஏ.வும் முடித்தார். பெத்தூனிலேயே ஆசிரியராகி, பிறகு கல்லூரி முதல்வரும் ஆனார். பெண்களுக்குப் பெண் சொல்லிக்கொடுப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதே போல பெண்களுக்குப் பெண் வைத்தியம் பார்ப்பதையும் கொஞ்சம் தயங்கி ஒத்துக்கொண்டார்கள். அந்தப்புரத்துக்குள் ஆண் டாக்டர் நுழைய முடியாது என்பதால் வந்த தயவு அது. டீச்சர், டாக்டர் என்ற இரண்டு வேலைகளும் "பொம்பளைங்களுக்கு ஏத்த வேலை" என்று நம் வீடுகளில் இன்னமும் சொல்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

டாக்டர் வழியும் லேசாக இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்துக்கொண்டிருந்தது. அப்போது எந்த ஊர் கதவைத் திறந்து வைத்திருந்தது தெரியுமா? நம்ம சென்னை! மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875லேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதனால் 1882ல் அபலா தாஸ் என்ற வங்காளிப் பெண், வங்காள அரசின் உதவித்தொகையோடு கல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் பாதியில் திரும்பிவிட்டார். பிறகு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸை மணந்து அபலா போஸ் ஆகி, பெண் கல்விக்காகவே வாழ்ந்தார். 1882ல் கல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன பெண்ணை நினைத்தால், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். ஏ.சி. பெட்டியில் போர்வை சரியில்லை என்று சண்டை போடுகிற ஆள் நான்.

காதம்பினி விடவில்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1883ல் அவருக்காக இறங்கி வந்தது. அதே வருஷம் துவாரகாநாத் கங்குலியை மணந்தார். 1886ல் மருத்துவம் முடித்தார். ஆனால் கையில் இருந்த தகுதிக்கு ஐரோப்பிய லேடி டாக்டர்களுக்குக் கிடைத்த மரியாதை கிடைக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு 1893ல் எடின்பரோ போய் மூன்று மருத்துவத் தகுதிகளோடு திரும்பினார்.

நடுவில் 1891ல் 'பங்கபாசி' என்ற பத்திரிகை அவரை நடத்தை கெட்டவர் என்று மறைமுகமாக எழுதியது. இரவில் வீடு வீடாகப் பிரசவம் பார்க்கப் போகிற பெண்ணைப் பற்றி வேறு என்ன எழுதுவார்கள்? கணவரும் மனைவியும் வழக்குப் போட்டார்கள். பத்திரிகை ஆசிரியருக்கு ஆறு மாதம் சிறை, நூறு ரூபாய் அபராதம். எட்டுப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தை வைத்துக்கொண்டு, 1923ல் இறக்கும் வரை டாக்டராகவே இருந்தார் காதம்பினி.

இந்தத் துவாரகாநாத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருகிறேன்.

வக்கீலுக்குப் பெண்பால் கிடையாது

டாக்டர், டீச்சர் தாண்டி வேறு வேலை கேட்டவர்கள் கதை இன்னும் மோசம். நாசிக்கில் பிறந்த கொர்னீலியா சொராப்ஜி புணே டெக்கான் கல்லூரியில் படித்து, பம்பாய் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி ஆனவர். முதல் வகுப்பு. முதலிடத்துக்கு வருகிறவருக்கு இங்கிலாந்தில் படிக்க அரசு உதவித்தொகை உண்டு. பெண் என்பதால் அவருக்குத் தரவில்லை. நல்ல மனசுக்காரர்கள் சிலர் பணம் சேர்த்து அனுப்பினார்கள். 1892ல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதி முடித்தார். பட்டம் கையில் கிடைத்தது 1922ல். முப்பது வருஷம்!

சரி, ஊருக்கு வந்து வக்கீல் தொழிலாவது செய்தாரா என்றால், அதற்கும் அனுமதி இல்லை. 1904 முதல் வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸின் கீழ், திரைக்குப் பின்னால் வாழ்ந்த ஜமீன் வீட்டுப் பெண்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் அரசு வேலை கிடைத்தது. பாருங்கள், இங்கேயும் பெண்களுக்குப் பெண்.

1916ல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி, கல்கத்தாவில் வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டார். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்து, சட்டத்தில் சொல்லியிருக்கும் வக்கீல் என்பது ஆண்களை மட்டுமே குறிக்கும் என்று தீர்ப்பு சொன்னார்கள். இதே பல்கலைக்கழகம்தான் அவருக்குச் சட்டப் பட்டம் கொடுத்தது! படிக்கலாம், தேறலாம், பட்டம் வாங்கலாம், கோர்ட்டுக்கு மட்டும் வரக்கூடாது. 1921ல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் இதே பதில். அதே 1921ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கொர்னீலியாவைச் சேர்த்துக்கொண்டது. 1923ல் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் நாடு முழுவதும் கதவு திறந்தது. கொர்னீலியாவுக்கு அப்போது வயது ஐம்பத்தேழு.

விஞ்ஞானத்திலும் இதே கதைதான், அதில் நம்மூர்க்காரர் ஒருவரும் வருகிறார். 1933ல் பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாக்வத் (பிறகு கமலா சொஹோனி) பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். இயக்குநர் சர் சி.வி.ராமன் பெண் என்று சொல்லி மறுத்துவிட்டார். கமலா நேரில் போய் நின்றார். கடைசியில் ஒரு வருஷம் சோதனைக் காலம், வேலை திருப்தியாக இருந்தால்தான் முறையான மாணவி என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆண் மாணவர்களுக்கு இப்படி ஒரு நிபந்தனை கிடையாது. அவர் 1939ல் கேம்பிரிட்ஜில் பி.ஹெச்டி. வாங்கினார். நோபல் பரிசு பெற்ற மேதைக்கும் இந்த விஷயத்தில் ஊர்க்கண்தான் இருந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு இன்ஜினியர்

இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அ.லலிதாவின் கதை. சென்னையில் வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். அப்பா பாப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், நான்கு மாதக் கைக்குழந்தையோடு விதவை. வருஷம் 1937.

அந்தக் காலத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று நம் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். இங்கே நடந்தது வேறு. குவீன் மேரீஸில் இண்டர்மீடியட் முடித்தார். அப்பா கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசி, 1940ல் லலிதா கிண்டியில் மின் பொறியியலில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவே ஒரு பெண். பிறகு சிவில் பிரிவில் தெரேசியா, லீலம்மா ஜார்ஜ் என்று இரண்டு பேர் துணைக்கு வந்தார்கள். (இந்தத் தெரேசியா 1971ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.) கல்லூரியில் சான்றிதழ்ப் படிவங்கள் ஆண்பாலில்தான் அச்சாகியிருந்தன. லலிதாவுக்குக் கொடுக்கும்போது அந்த வார்த்தையைக் கையால் அடித்துவிட்டுப் பெண்பாலில் திருத்திக் கொடுத்தார்கள்.

படித்து முடித்து, ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, அப்பாவோடு கொஞ்ச நாள் ஆராய்ச்சி. 1948ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார். இங்கே அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் குடியிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது. லலிதா மின்கடத்திப் பாதைகளும் துணை மின்நிலையங்களும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்சாரம் ஊர் ஊராகப் போனதில் இவர் கணக்கும் இருக்கிறது. 1964ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். ஏறக்குறைய முப்பது வருஷம் ஒரே நிறுவனத்தில் வேலை செய்து 1977ல் ஓய்வு பெற்றார்.

எழுபது வருஷத்துக்கு முன்னால், நான் இன்றைக்குப் பஸ் பிடிக்கும் இதே ஊரில், கையில் டிபன் டப்பாவோடு ஒரு மெட்ராஸ்காரி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே என்று இருந்தது.

உத்தரவில் ஒரு வரி

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. அரசு வேலையில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 16வது பிரிவு 1950லிருந்து சொல்கிறது. இனிமேல் பிரச்னை இல்லை என்றுதானே நினைப்போம்?

குடகு வீராஜ்பேட்டையில் பிறந்து, சென்னையில் படித்த சி.பி.முத்தம்மா 1949ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியின் முதல் பெண். சேரும்போது, கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

1951ல் அன்னா ராஜம் ஜார்ஜ் ஐ.ஏ.எஸ். ஆனார். கேரளத்தில் பிறந்து, சென்னையில் எம்.ஏ. படித்தவர். நேர்முகத் தேர்வில் வெளியுறவுப் பணியோ மத்தியப் பணியோ எடுத்துக்கொள்ளம்மா, அதுதான் பெண்களுக்குச் சரி என்றார்கள். அவர் ஐ.ஏ.எஸ்.தான் வேண்டும், சென்னை மாகாணம்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய நியமன உத்தரவில், திருமணம் நடந்தால் பணி முடிவுக்கு வரும் என்று ஒரு வரி இருந்தது. முதலமைச்சர் ராஜாஜிக்குப் பெண் அதிகாரிகள் மேல் நம்பிக்கை இல்லை. மாவட்டப் பணி வேண்டாம், தலைமைச் செயலகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார். அன்னா ராஜம் வாதாடி ஓசூர் சப் கலெக்டர் ஆனார்.

ஆணுக்குக் கல்யாணம் என்றால் ஆபீசில் ஸ்வீட். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வேலை காலி. இது ஏதோ ஒரு முரட்டு அதிகாரியின் சொந்தக் கருத்து கிடையாது, அரசின் சர்வீஸ் விதி. அந்த வரி பிறகு நீக்கப்பட்டது. அன்னா ராஜம் தன் பேட்ச்காரரான ஆர்.என்.மல்ஹோத்ராவை மணந்தார். அவர் பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னர்.

முத்தம்மா 1970ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். இந்த நாட்டில் பணி வழியாக வந்து தூதரான முதல் பெண். ஆனாலும் மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அவசர அவசரமாகப் பதவி உயர்வு வந்துவிட்டது! அதனால் 1979ல் வழக்கை முடித்து வைத்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், விதிகளைச் சும்மா விடவில்லை. பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்து அனுமதி வாங்க வேண்டும், கல்யாணமான பெண்ணுக்குப் பணியில் சேர உரிமை கிடையாது என்ற இரண்டு விதிகளையும் எடுத்து வைத்து, குடும்ப பாரம் பெண்ணின் வேலையைக் கெடுக்கும் என்றால் ஆணுக்கும் அது பொருந்தாதா என்று கேட்டார். எல்லாப் பணி விதிகளையும் பார்த்து இந்தக் கறையைத் துடைக்க அரசுக்குச் சொன்னார்.

1979 என்றால் ரொம்ப தூரம் இல்லை. என் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்.

பத்திரிகையில் ஒரு பி.எஸ்ஸி.

அம்மாவின் கல்யாணப் பத்திரிகை இன்னும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் தடவிய மூலையோடு. அம்மா பெயருக்குப் பக்கத்தில் 'பி.எஸ்ஸி.' என்று போட்டிருக்கிறது. அந்தப் பட்டம் அச்சில் வந்த ஒரே இடம் அதுதான். கல்யாணத்துக்கு முன் ஒரு தேர்வு எழுதி வேலைக்கு உத்தரவும் வந்திருந்ததாம். வேலை வெளியூரில். "வேண்டாம்னு யாரும் சொல்லலடி. போகவா வேண்டாமான்னு யாரும் கேக்கவும் இல்ல" என்பாள்.

என் பத்திரிகையில் 'எம்.சி.ஏ.' இருந்தது. ஒரு தலைமுறையில் இவ்வளவு முன்னேற்றம்.

படித்ததையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கவனத்தில் பட்டது. கொர்னீலியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முத்தம்மாவும் செய்துகொள்ளவில்லை. லலிதா விதவை. 1911ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, விதவைப் பெண்களைப் படிக்க வைப்பதையே வாழ்க்கையாக்கிய சகோதரி சுப்பலட்சுமியும் குழந்தை விதவை. பட்டத்தை முழுசாக வேலைக்குப் பயன்படுத்தியவர்களில் இத்தனை பேருக்கு, கூடப் போக வேண்டிய கணவர் இல்லை. வீட்டில் கணவர் இருந்தும் கடைசி வரை தொழில் செய்த காதம்பினிக்குத் துவாரகாநாத் மாதிரி, மனைவிக்காகக் கோர்ட் ஏறுகிற ஆள் இருந்தார். லலிதாவுக்கு அப்பாவும் கூடப்பிறந்தவரும். ஒருத்தியின் தைரியத்தை மட்டும் பாராட்டிவிட்டுப் போகிறோம். அந்த வீட்டில் யார் நகர்ந்து இடம் கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

இன்றைக்குப் படிப்புக் கணக்கில் குறை சொல்ல முடியாது. அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22ல் மொத்தம் 4.33 கோடி மாணவர்களில் 2.07 கோடி பேர் பெண்கள். கிட்டத்தட்டப் பாதி. அதே அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24ல், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 79 பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது தேடுகிறார்கள். பெண்களில் 42 பேர். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் எத்தனை எம்.எஸ்ஸி.யும் பி.இ.யும் பெட்டிக்குள் இருக்கிறதோ. வெளிமாநிலத்தில் இருக்கும் நம் வீடுகளில் எண்ணிப் பார்த்தாலே தெரியும். எங்கள் பொங்கல் கெட்-டுகெதரில் ஒரு தடவை நான் எண்ணினேன். பதினோரு மனைவிமார்கள், பதினோரு பேரும் பட்டதாரிகள், வேலைக்குப் போவது மூன்று பேர். மீதி எட்டுப் பேரில் ஆறு பேர் டிரான்ஸ்ஃபரில் விட்டவர்கள்.

இப்போது எந்த உத்தரவிலும் அந்த வரி கிடையாது. கணவர்களின் டிரான்ஸ்ஃபர் ஆர்டரில், கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கிறது. நாக்பூருக்கும் போபாலுக்கும் ஆர்டர் வந்தபோது, அன்று சாயந்திரமே நான் என் ராஜினாமாவை டைப் செய்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் யாரும் கேட்காத மாதிரி, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் ரங்கமணிக்கு விசாகப்பட்டினத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன் இண்டர்வியூவில் நான் சொன்ன பொய் கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர், "நீ என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். இருபது வருஷத்தில் அந்தக் கேள்வி முதல் தடவை. இரண்டு நாள் யோசித்து, "நான் இங்கயே இருக்கேங்க" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "குக்கர்ல சாதம் எத்தனை விசில்னு எழுதிக் கொடு" என்றார்.

உறவுக்காரர்களிடமெல்லாம் "பொண்ணு பன்னெண்டாவது, அதனால" என்று சொல்லி வைத்திருக்கிறோம். எல்லோரும் உடனே புரிந்துகொள்கிறார்கள். "எனக்கு இங்கே வேலை இருக்கிறது, அதனால" என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. இவ்வளவு பேர் கதையைப் படித்த பிறகும். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு?" என்றுதான் முதலில் கேட்டாள். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம், "லீவு போட்டுட்டு மாசம் ஒரு தடவை போயிட்டு வா. வேலையை விட்டுடாதே" என்றாள்.

ஹவுராவிலிருந்து விசாகப்பட்டினம் ஒரு ராத்திரிப் பயணம்தான். அடுத்த மாதம் முதல் தேதி அவர் அங்கே ஜாயின் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் எப்படி? கடைசியாக டிரான்ஸ்ஃபர் வந்தபோது, யாராவது யாரிடமாவது கேட்டீர்களா?